தோட்டத்துக் கேள்விகள்: இந்த முறை பியோனி மட்டும்

ஜூன் வந்தால் எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பூவைப் பற்றித்தான். கனடாவில் வீடு வாங்கிய நம்மவர் பலருடைய வளவில், முன்பிருந்தவர்கள் விட்டுப்போன பியோனிச் செடி ஒன்றாவது இருக்கிறது. அதனால் இந்த இதழை முழுவதும் அதற்கே கொடுத்துவிட்டேன். முருங்கையையும் கறிவேப்பிலையையும் குளிரில் எப்படிக் காப்பது என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன் ஏப்ரலில், கடையில் பையில் போட்டு விற்ற பியோனிக் கிழங்கு வாங்கி நட்டேன். இலை நல்ல பச்சையாக வருகிறது, ஒரு மொட்டுக்கூட இல்லை. மாட்டெருவும் போட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டு இத்தாலிய அம்மாவின் செடி நிறையப் பூத்து நிற்கிறது. என்ன குறை அக்கா?
வாசகி, ஸ்காபரோ

முதலில் ஆழத்தைப் பாருங்கள். ஓகஸ்ட் கடைசியில், செடியின் அடியில் மண்ணைக் கையால் மெல்ல விலக்கினால், தண்டு புறப்படும் இடத்தில் இளஞ்சிவப்பாகக் கூர்முளைகள் தெரியும். அவைதான் கண்கள், அடுத்த வருடத்துத் தண்டுகள். அவற்றின் மேல் மண் ஒரு அங்குலம் இருக்கலாம், இரண்டு அங்குலம் வரை பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் செடி இலையோடு நின்றுவிடும், பூக்காது. பூக்காத பியோனி பற்றி எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவற்றின் பதில் இந்த ஒரு அளவில்தான் இருக்கிறது.

நட்டபோது அளவு சரியாக இருந்திருந்தாலும் பிறகு பிழைத்துப் போகலாம். வருடா வருடம் அழகுக்காகச் செடியைச் சுற்றி மரச்சீவல் கொட்டுகிறோம். அது மக்கி மண்ணாகிறது. மூன்று வருடத்தில் கண்களின் மேல் இன்னும் இரண்டு அங்குலம் ஏறிவிடும். உங்களிடமும் அப்படியென்றால் கிண்டி எடுக்கவே தேவையில்லை, மேலே உள்ளதை அள்ளிவிட்டாலே போதும். உண்மையிலேயே ஆழமாக நட்டிருந்தால் செப்டம்பரில் செடியோடு தூக்கி, உயர்த்தி நடுங்கள்.

அடுத்தது மாட்டெரு. தயவு செய்து நிறுத்துங்கள். நான் உரும்பிராய்ச் செம்மண்ணில் வளர்ந்தவள். என் அப்பா வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் வண்டி வண்டியாக எருப் போட்டு, இறைத்து இறைத்துப் பயிர் செய்தவர். நம் கைக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது: வாடினால் தண்ணீர், பூக்காவிட்டால் பசளை. பியோனிக்கு இரண்டும் ஆகாது. தழைச்சத்துக் கூடினால் இலைதான் கொழுக்கும். எரு நேரே கண்களின் மேல் கிடந்தால் அழுகலும் வரும். புல்தரைக்குப் போடும் பசளையிலும் தழைச்சத்துத்தான் அதிகம், அது செடியின் பக்கம் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வசந்தத்தில் தண்டு மூன்று நான்கு அங்குலம் வளர்ந்ததும், தழைச்சத்துக் குறைந்த பசளை ஒரு பிடியைச் செடியிலிருந்து ஒரு சாண் தள்ளித் தூவினால் வருடத்துக்குப் போதும். எலும்புத் தூளும் போடலாம்.

மூன்றாவது வெயில். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். உங்கள் வேலியோரத்தில் மேப்பிள் மரம் இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால் அதன் நிழலும் வேரும் இரண்டுமே செடிக்கு எதிரி.

இந்த மூன்றும் சரியென்றால் ஒன்றும் செய்யாதீர்கள். வசந்தத்தில் பையில் வரும் கிழங்குகள் பெரும்பாலும் சிறியவை, ஒன்றிரண்டு கண்தான் இருக்கும், காய்ந்தும் போயிருக்கும். அவை தேறிப் பூக்க நான்காவது வருடம்கூட ஆகலாம். பூக்கவில்லையென்று ஒவ்வொரு வருடமும் இடம் மாற்றினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இனி வாங்குவதென்றால் செப்டம்பர், ஒக்டோபரில், மூன்று முதல் ஐந்து கண் உள்ள கிழங்காகப் பார்த்து வாங்குங்கள். அதுதான் பியோனி நடும் காலம்.

மொட்டெல்லாம் எறும்பு. மாமி மருந்து அடிக்கச் சொல்கிறார். எறும்பு கடித்தால்தான் பூ விரியும் என்று வேலையிடத்தில் ஒருவர் சொல்கிறார். யார் சொல்வது சரி?
வாசகர், பிரம்ரன்

இரண்டும் சரியில்லை. மொட்டை மூடியிருக்கும் பச்சை இதழ்களின் ஓரத்தில் இனிப்பான நீர் கசியும். எறும்பு அதைக் குடிக்க வருகிறது, பூவைத் தொடுவதில்லை. எறும்பே வராத செடியும் நன்றாக விரியும். ஆனால் எறும்பு ஊரும் மொட்டில், அதைக் கடிக்க வரும் வேறு பூச்சிகள் தங்குவது குறைவு. ஆகவே அது அங்கே நிற்பது உங்களுக்கு இலாபம்தான். மருந்து அடித்தால் தேனீயும் சேர்ந்து சாகும். மாமியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள் தம்பி. சாமியறைக்குப் பூ வெட்டும்போது எறும்பு வீட்டுக்குள் வருமே என்பதுதான் அவருடைய கவலை என்றால், வெட்டிய காம்பைத் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள், பிறகு பூவை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுங்கள்.

அம்மா 1998 இல் நட்ட பியோனி எங்கள் வீட்டு முன்வளவில் இருக்கிறது. அம்மா போய் இரண்டு வருடம். வீட்டை விற்கிறோம், செப்டம்பர் கடைசியில் சாவி கொடுக்க வேண்டும். செடியைக் கொண்டுபோகலாமா? செத்துவிடாதா? தம்பியும் தங்கச்சியும் ஆளுக்கொரு துண்டு கேட்கிறார்கள்.
வாசகி, ஏஜாக்ஸ்

கொண்டுபோகலாம், தங்கச்சி. சாகாது. நல்ல இடத்தில் நிற்கும் பியோனி ஐம்பது வருடத்துக்கு மேல் இருக்கும், நூறு வருடத்தைத் தொட்டவையும் உண்டு. உங்கள் அம்மாவின் செடி இப்போதுதான் நல்ல வயதில் இருக்கிறது. செப்டம்பரில் வீடு மாறுவதும் அதற்கு வாய்த்த காலம்.

ஆனால் மண்வெட்டி எடுக்க முன் ஒரு காரியம். ஒன்ராறியோவில் வீடு விற்கும்போது, நிலத்தில் நிற்கும் செடி வீட்டோடு சேர்ந்ததாகத்தான் கொள்ளப்படும். அதனால் விற்பனை ஒப்பந்தத்தில் “முன்வளவுப் பியோனிச் செடி விற்பனையில் சேராது” என்று எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்றென்றால், உங்கள் முகவர் மூலம் வாங்குபவரிடம் கேட்டு, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அம்மா நட்டது என்று சொன்னால் மறுப்பவர் குறைவு. ஒரு துண்டை அதே வளவில் அவர்களுக்கு நட்டுக் கொடுப்பதாகவும் சொல்லலாம். எனக்கு அது நல்ல முறையாகப் படுகிறது.

சாவி கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்பு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். மறுநாள் தண்டுகளை ஒரு சாண் விட்டு வெட்டிவிடுங்கள். செடியிலிருந்து ஒன்றரை அடி தள்ளிச் சுற்றிவரக் கிண்டுங்கள். இந்த வயதில் வேர்கள் மரவள்ளிக்கிழங்கு அளவுக்குத் தடித்து, இரண்டடி ஆழம் வரை போயிருக்கும். எல்லாவற்றையும் முழுதாக எடுக்க முடியாது, நுனி அறுந்தால் அழவேண்டாம். தம்பியையும் கூப்பிடுங்கள், தனியாகத் தூக்கும் பாரமில்லை அது.

தூக்கியதும் குழாய்த் தண்ணீரால் மண்ணைக் கழுவி, நிழலில் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். இதை நம்மவர்கள் அவசரத்தில் விட்டுவிடுவார்கள். பச்சையாக இருக்கும்போது வேர் படக்கென்று முறியும். கொஞ்சம் வாடினால் வளைந்து கொடுக்கும், கண்களும் தெளிவாகத் தெரியும். பிறகு ஸ்பிரிற் தடவித் துடைத்த கூரான கத்தியால் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டிலும் மூன்று முதல் ஐந்து கண், அதோடு சில தடித்த வேர். அழுகிய பகுதி, உள்ளே கோறையான பகுதி எல்லாவற்றையும் வெட்டி எறியுங்கள். இத்தனை வருடச் செடியில் உங்கள் மூவருக்கும், வீடு வாங்கியவருக்கும் கொடுத்த பிறகும் துண்டு மிஞ்சும்.

புது வீட்டில் ஏற்கெனவே பியோனி நின்ற அதே குழியில் நடவேண்டாம். பழைய நோய் மண்ணில் இருக்கும். ஒரு அடிக்கு மேல் ஆழமாகவும் அகலமாகவும் குழி வெட்டி மண்ணைப் பொலபொலப்பாக்குங்கள். புதிதாகக் கட்டிய வீடென்றால் மேலே நாலு விரல் கறுப்பு மண், கீழே முழுக்கக் களிமண்ணாக இருக்கும். அங்கே குழிக்குள் தண்ணீர் தேங்கும், வேர் அழுகும். நிலத்தை விட அரையடி உயரத்தில் பாத்தி கட்டி நடுங்கள். கண் மேலே பார்க்க, அதன் மேல் இரண்டு அங்குலத்துக்கு மிஞ்சாமல் மண். நட்டதும் தண்ணீர் விட்டால் மண் இறங்கும், அப்போது மறுபடி அளந்து பாருங்கள். வளவு இன்னும் தயாராகவில்லை என்றால் பெரிய சாடியில் வைத்துவிட்டு ஒக்டோபர் நடுவுக்குள் நிலத்துக்கு மாற்றுங்கள். மண் உறைய முன் அதற்கு ஐந்தாறு வாரம் வேர் விட நேரம் வேண்டும்.

முதல் குளிருக்கு மட்டும் காய்ந்த இலையோ வைக்கோலோ போட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் மண் உறைந்து இளகி உறையும்போது கிழங்கை மேலே தள்ளிவிடும். மார்ச் கடைசியில் மூடியதை எடுத்துவிடுங்கள். முதல் வருடம் மழையில்லாத வாரங்களில் மட்டும் ஆறுதலாக, ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். அடுத்த ஜூனில் பூ வராது, வந்தாலும் ஒன்றிரண்டுதான். மூன்றாவது ஜூனில் அம்மாவின் பூவை மூன்று வீட்டிலும் பார்ப்பீர்கள்.

மே மாதம் தண்டுகள் திடீரென்று கறுத்துச் சாய்கின்றன. சின்ன மொட்டுகள் பயறளவில் கருகி நிற்கின்றன. குளிரால் வந்ததா?
வாசகர், மிசிசாகா

குளிராக இருக்காது. ஈரமான வசந்தத்தில் வரும் சாம்பல் பூஞ்சணம் இது. சாய்ந்த தண்டின் அடியில் உற்றுப் பாருங்கள், சாம்பல் நிறத்தில் பஞ்சுபோலப் படர்ந்திருக்கும். பாதித்த தண்டை மண்ணோடு வெட்டி, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். உரக்குழிக்குள் போடவே கூடாது. கத்தரியை ஒவ்வொரு வெட்டுக்கும் ஸ்பிரிற்றால் துடையுங்கள்.

பூஞ்சணம் பழைய இலையிலும் தண்டிலும்தான் குளிர்காலத்தைக் கழிக்கிறது. அதனால் ஒக்டோபரில் உறைபனி விழுந்து இலை பழுத்ததும் செடியை முழுவதும் நிலமட்டத்தில் வெட்டி, விழுந்த இலையையும் அள்ளிவிடுங்கள். அதற்கு முன் வெட்டவேண்டாம், பச்சை இலை இருக்கும்வரை கிழங்குக்குச் சாப்பாடு சேர்கிறது. மேலால் தெளிக்கும் தண்ணீரை நிறுத்தி அடியில் விடுங்கள். செடிக்குச் செடி மூன்று நான்கு அடி இடைவெளி இருந்தால் காற்று உள்ளே போய் ஈரம் காயும். ஓகஸ்டில் இலையில் வெள்ளை மாப்போலப் படிவது வேறு நோய். அது அசிங்கமாக இருக்குமே தவிர, செடியைக் கொல்லாது.

நல்லூரில் இருக்கிறேன். கனடாவில் அக்கா வீட்டில் பார்த்ததிலிருந்து ஆசை. இணையத்தில் பியோனி விதை விற்கிறார்கள். வாங்கி நடலாமா?
வாசகி, யாழ்ப்பாணம்

வேண்டாம், பிள்ளை. காசை வீணாக்காதீர்கள். இந்தச் செடிக்குக் குளிர்காலத்தில் ஐந்து பாகைக்குக் கீழே வாரக்கணக்கில் இருந்தாக வேண்டும். அந்தக் குளிர் படாமல் அதன் கண் உறக்கம் கலையாது. யாழ்ப்பாணத்தில் அது கிடைக்காது. நுவரெலியாவில் சில இரவுகள் நன்றாகக் குளிரும், ஆனால் பகல் சூடேறிவிடும். இந்தியாவிலும் இது காட்டில் வளரும் இடம் இமயமலைதான். காஷ்மீர், இமாசலம், உத்தரகண்ட் பக்கத்தில் வெள்ளைப் பூப் பூக்கும் ஒரு பியோனி இயற்கையாகவே இருக்கிறது.

விதை இன்னும் மோசமான வழி. பியோனி விதை முதலில் சூட்டில் வேர் விடும், பிறகு ஒரு குளிர்காலம் கழிந்தால்தான் மேலே இலை காட்டும், அதன்பின் பூக்க நாலைந்து வருடம். குளிர் நாட்டிலேயே அப்படி. நீல நிறத்திலும் வானவில் நிறத்திலும் படம் போட்டு விற்கும் விதை சுத்தப் பொய், நீலப் பியோனி உலகத்திலேயே இல்லை. உங்களுக்கு அடுக்கு இதழும் பெரிய பூவும்தான் ஆசையென்றால், அடுக்குச் செவ்வரத்தை இருக்கிறது, அடுக்கு நந்தியாவட்டை இருக்கிறது. உங்கள் மண்ணில் அவை வருடம் முழுக்கப் பூக்கும். எங்களுக்கு இங்கே பியோனி மூன்று வாரம்தான்.

எங்கள் பியோனி இளஞ்சிவப்பு அடுக்குப் பூ, நல்ல வாசம். பூத்த அன்றே மழை. எல்லாம் மண்ணில் விழுந்து கிடக்கின்றன. பார்க்கவே வயிறு எரிகிறது. விழாத வகை ஏதும் உண்டா? எங்கே போய்ப் பார்த்து வாங்குவது?
வாசகி, மார்க்கம்

அடுக்குப் பியோனியின் இதழ்களுக்குள் தண்ணீர் தங்கும், பாரம் தாங்காது. தண்டு ஒரு சாண் வளரும்போதே கம்பி வளையம் வைத்துவிடுங்கள். தக்காளிக்கு வைக்கும் கூடும் ஆகும். விழுந்த பிறகு கயிறு போட்டுக் கட்டினால் தண்டு முறியும்.

உங்கள் செடியின் விவரத்தைப் பார்த்தால் ‘சாரா பேர்ன்ஹார்ட்’ போலிருக்கிறது. பிரான்ஸில் லெமுவான் என்ற தோட்டக்காரர் 1906 இல் வெளியிட்ட இளஞ்சிவப்பு வகை, நாடக நடிகையின் பெயர் வைத்தது. வாசம் அருமை, தண்டு பலவீனம். வெள்ளையில் ஆங்காங்கே குங்குமப் பொட்டு விழுந்த ‘ஃபெஸ்டிவா மாக்ஸிமா’ 1851 ஆம் ஆண்டு வகை, இன்றும் அதை மிஞ்ச ஆளில்லை என்பேன், ஆனால் அதுவும் மழைக்குச் சாயும். விழக்கூடாது என்றால் ஒற்றையடுக்குப் பூ வாங்குங்கள். அல்லது தண்டு தடித்த ‘கோரல் சார்ம்’. பவள நிறத்தில் விரிந்து, நாளுக்கு நாள் வெளிறி, கடைசியில் வெண்ணெய் நிறத்துக்கு வரும்.

செலவு செய்ய மனமிருந்தால் ‘இத்தோ’ வகை. தண்டு கட்டையாகிக் குளிர்காலத்திலும் நிற்கும் மரப் பியோனியையும் சாதாரணப் பியோனியையும் கலக்க முடியாது என்று எல்லோரும் விட்டுவிட்ட காலத்தில், ஜப்பானில் தொய்ச்சி இத்தோ என்பவர் விடாமல் முயன்று 1948 இல் விதை பிடிக்க வைத்தார். அவர் 1956 இல் இறந்துவிட்டார். அந்தக் கன்றுகள் மஞ்சளாகப் பூத்தது அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு முறை என் வளவில் ‘பார்ட்ஸெல்லா’ என்ற இத்தோ வகை மஞ்சளாக விரியும்போதும் அந்த மனிதரை நினைக்கிறேன். இவ்வகை குட்டையாக, அடர்த்தியாக நிற்கும், மழைக்கு அசையாது, மொட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக விரிவதால் கூடுதல் நாள் பூவும் இருக்கும். ஒன்றை மறக்காதீர்கள்: இதன் தண்டை அடிவரை வெட்டக்கூடாது, நாலைந்து அங்குலம் விடவேண்டும். அடித்தண்டில்கூடக் கண் இருக்கும்.

பார்க்கப் போவதென்றால் ஒஷாவா. அங்குள்ள பள்ளத்தாக்குத் தாவரப் பூங்காவில் முந்நூறுக்கு மேற்பட்ட வகை நிற்கின்றன. ஜூனில் பியோனி விழாவும் நடக்கும். பிள்ளைகளோடு போங்கள், பிடித்த பூவின் பெயர்ப்பலகையைப் படம் எடுத்துவந்து செப்டம்பரில் வாங்குங்கள். நாம் குடியேறிய இந்த நாட்டுக்கும் பியோனிக்கும் பழைய உறவு உண்டு. கனடாவில் 1869 இல் பிறந்த பெர்சி சாண்டர்ஸ், அமெரிக்காவில் இரசாயனம் கற்பித்துக்கொண்டே காட்டுப் பியோனிகளைக் கலந்து கலந்து புது வகைகளை உண்டாக்கியவர். இன்றைய கலப்பு வகைகள் பலவற்றின் முன்னோர் அவர் தோட்டத்துச் செடிகள். அவருடைய சகோதரர் சார்ல்ஸ்தான் கனடாவின் சமவெளிக்கு மார்க்குவிஸ் என்ற கோதுமை வகையைக் கொடுத்தவர்.

அடுக்குமாடியில் இருக்கிறேன். பால்கனியில் சாடியில் வைக்கலாமா?
வாசகர், நோர்த் யோர்க்

தெற்கு அல்லது மேற்குப் பார்த்த பால்கனி என்றால் வைக்கலாம். ஒன்றரை அடி அகலமும் ஆழமும் உள்ள, அடியில் ஓட்டை போட்ட சாடி வேண்டும். குளிர்காலத்தில் வீட்டுக்குள் எடுக்காதீர்கள். பால்கனியிலேயே சுவரோடு நகர்த்தி, சாடியைப் பழைய போர்வையால் சுற்றிவிடுங்கள். நிலத்தில் நிற்பதைப் போலப் பூக்கும் என்று உறுதி தரமாட்டேன்.

எங்கள் நாய்க்குட்டி எல்லாவற்றையும் கடிக்கும். பியோனி ஆபத்தா?
வாசகி, மொன்றியல்

ஆம், நாய்க்கும் பூனைக்கும் ஆகாது. தின்றால் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். குட்டி வளரும்வரை சுற்றிக் கம்பிவலை போடுங்கள், செடி பிரிக்கும் நாளில் கிழங்குத் துண்டுகளைக் கீழே விடாதீர்கள். மான், முயல் இதைப் பெரும்பாலும் தொடுவதில்லை என்பது நமக்கு ஆறுதல்.

மகளின் சாமத்திய வீடு ஜூலை முதல் சனிக்கிழமை. எங்கள் பியோனி ஜூன் நடுவில் முடிந்துவிடும். மேடையில் வீட்டுப் பூ வைக்கவேண்டும் என்று அவள் ஆசைப்படுகிறாள். வழி உண்டா?
வாசகி, விற்பி

உண்டு, பலருக்குத் தெரியாத அருமையான வழி. மொட்டு நிறம் காட்டி, விரலால் மெல்ல அழுத்தினால் மெத்தென்று இருக்கும் பருவத்தில் காலையில் வெட்டுங்கள். கல்லுப்போல இறுகியிருந்தால் அது பிறகு விரியாது. செடியில் ஒவ்வொரு தண்டிலும் இரண்டு இலையாவது மிஞ்ச வேண்டும், ஒரே செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கவேண்டாம். மூன்று வருடத்துக்குக் குறைந்த செடியைத் தொடாதீர்கள்.

வெட்டியதன் இலைகளை அகற்றி, தண்ணீரில் வைக்காமல், காய்ந்த மொட்டுகளாகப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் படுக்க வையுங்கள். மூன்று வாரம் தாங்கும். அந்தத் தட்டில் அப்பிளோ வாழைப்பழமோ இருக்கக் கூடாது, பழத்திலிருந்து வரும் வாயு மொட்டைக் கெடுத்துவிடும். வாரம் ஒருமுறை பிரித்துப் பார்த்து, பூஞ்சணம் பிடித்ததை எறியுங்கள்.

வியாழக்கிழமை மாலை வெளியே எடுத்து, காம்பின் நுனியை ஒரு அங்குலம் சரிவாக வெட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் நிறுத்துங்கள். வாடியதுபோலத்தான் இருக்கும், பயப்படவேண்டாம். வெள்ளி மாலைக்குள் விரியத் தொடங்கும். சில மொட்டு ஏமாற்றும், அதனால் மேடைக்கு இருபது வேண்டுமென்றால் முப்பதாக வெட்டி வையுங்கள்.